கோடாலிக்குப் புதுக் காம்பு: தண்ணீரில் ஊறவைப்பது ஏன் தவறு

போன மார்கழியில் ஒரு நாள் காலை, வெந்நீர் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தேன். பாலக்கோட்டிலிருந்து பஞ்சப்பள்ளி போகிற பக்கம் எங்கள் வீடு. தோப்பில் பட்டுப்போன மாமரம் ஒன்றைத் துண்டு போட்டு வைத்திருந்தோம். நாலாவது கட்டையோ அஞ்சாவது கட்டையோ, கோடாலியைத் தூக்கி ஓங்கினேன். கை திடீரென்று லேசாகிவிட்டது. காம்பு மட்டும் கையில் இருந்தது. தலை எனக்குப் பின்னால் பறந்து போய், துணி துவைக்கிற கல்லில் மோதி விழுந்தது. அந்தக் கல்லில் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால்தான் என் அக்கா மகள் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு வெளியே வந்த அப்பா, தலையை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நேத்து ராத்திரி தண்ணியில போட்டு வெச்சியா?"

வைக்கவில்லை. மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அது ஒரு பழக்கம். விறகு பிளக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி கோடாலித் தலையை வாளித் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். காம்பு ஊறி உப்பி, இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாற்பது வருஷமாக அப்பா அப்படித்தான் செய்கிறார். எங்கள் பக்கம் கோடாலி, மண்வெட்டி வைத்திருக்கிற பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அன்றைக்குப் புதுக் கோடாலி ஒன்று வாங்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்தத் தலை நல்ல தலை. ஒரு கிலோ எண்ணூறு கிராம், பட்டறையில் அடித்தது, வாய் இன்னும் பதமாக இருந்தது. காம்பை மட்டும் மாற்றினால் போதும் என்று இறங்கினேன். அந்த வேலை ஆடி மாசம் வரை இழுத்தது. இழுத்ததில் ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது: தலை கழன்றது தண்ணீரில் போட மறந்ததால் அல்ல, அத்தனை வருஷம் தண்ணீரில் போட்டதால். அதைத்தான் இந்தப் பதிவில் விளக்கப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

விறகு பிளக்கும்போது கோடாலித் தலை, நம் தோளை நடுவாக வைத்து ஒரு பெரிய வட்டத்தில் சுற்றி வருகிறது. கை நீளமும் காம்பு நீளமும் சேர்ந்து சுமார் 1.2 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்வோம். அடி விழும் நேரத்தில் தலையின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரப்படி, நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் 150 நியூட்டன் வருகிறது. அதாவது காம்பின் நுனியில் சுமார் 15 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அந்த இழுவையை எதிர்த்துத் தலையைப் பிடித்து வைத்திருப்பது துளைக்குள் இருக்கிற மரத்தின் உராய்வு மட்டும்தான்.

அந்த வேகத்தில் தலையில் இருக்கிற ஆற்றல் 90 ஜூல். அஞ்சு மீட்டர் உயரத்திலிருந்து அதே இரும்பைக் கீழே போட்டால் என்ன அடி விழுமோ, அந்த அடி. கழன்று போகிற தலை எப்படிப்பட்ட பொருள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கோடாலி அடி விழும்போதுகூடக் கழலவில்லை, தூக்கி ஓங்கும்போதே கழன்றது. அந்த இடத்தில் வேகம் ரொம்பக் குறைவு. அப்படியானால் பிடிமானம் என்று உள்ளே எதுவுமே மிச்சம் இல்லை என்றுதானே அர்த்தம்?

துளைக்குள் என்ன இருந்தது

காம்பு கழுத்தில், அதாவது தலைக்குச் சற்றுக் கீழே, பாதி ஒடிந்திருந்தது. மீதிப் பாதி உருவிக்கொண்டு வந்திருந்தது. ஒடிந்த துண்டு துளைக்குள்ளேயே மாட்டியிருந்தது.

அதை எடுக்க எல்லோரும் சொன்ன யோசனை, "அடுப்புல போடு, கட்டை எரிஞ்சு போயிடும்" என்பது. செய்யாதீர்கள். கோடாலி வாயைக் கொல்லர் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, பிறகு மிதமாகச் சூடு காட்டிப் பதம் ஏற்றியிருப்பார். அந்த மிதமான சூடு பெரும்பாலும் 200 முதல் 300 டிகிரிக்குள் இருக்கும். விறகு அடுப்பின் தணலோ 600 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கட்டை எரியும், கூடவே பதமும் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு வாரமும் வாய் மழுங்கும்.

நான் ட்ரில் மிஷினால் மரத்தில் ஏழெட்டு ஓட்டை போட்டு, ஒரு கம்பியை வைத்துத் தட்டினேன். அரை மணி நேரம் தட்டியும் அசையவில்லை. பிறகுதான் உறைத்தது, நான் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டிருக்கிறேன். கோடாலிக்குக் காம்பு கீழிருந்து மேலே ஏறுகிறது. மேலே வந்த பிறகு ஆப்பு அடித்து அகலமாக்குகிறோம். துளையும் மேல்வாய் அகலமாக, கீழ்வாய் குறுகலாக இருக்கிறது. அப்படியிருக்க, மேலே அகலமான ஒன்று குறுகலான கீழ்வாய் வழியாக எப்படி வரும்? தலையைத் திருப்பிப் போட்டுக் கீழ்ப்பக்கத்திலிருந்து தட்டினேன். நாலு அடியில் வந்துவிட்டது.

பிக்காஸ் இதற்கு நேரெதிர். அதன் காம்பு மேலிருந்து இறங்கும், மேல் நுனி தடியாக இருக்கும், ஆப்பே வேண்டாம். இந்த வித்தியாசம் பின்னால் மாட்டும்போதும் வரும்.

வெளியே வந்த துண்டைப் பிளந்து பார்த்தேன். மூன்று ஆணி, ஒரு ஹாக்ஸா பிளேடுத் துண்டு, மடித்த தகரம், சைக்கிள் ட்யூப் ரப்பர். ஒவ்வொன்றும் ஒரு வருஷத்து ரிப்பேர். ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்து, விரலால் நசுக்கினால் பொடியாகிற நிலையில் இருந்தது. ஈரமும் துருவும் சேர்ந்தால் மரம் அப்படித்தான் ஆகும். ஆனால் எனக்கு ஆச்சரியம் கொடுத்தது ஆணி அல்ல. ஆணி இல்லாத பக்கத்தில்கூட, துளைக்குள் இருந்த மரம் துளையைவிடத் தெளிவாகச் சின்னதாக இருந்தது. துளைக்கு வெளியே, அதே காம்பு நன்றாகப் பருமனாக இருந்தது. ஒரே மரம், உள்ளே மட்டும் எப்படி இளைத்தது?

மரமும் இரும்பும் சேர்ந்தால்

மரம் என்பது மெல்லிய குழாய்களை நெருக்கிக் கட்டிய கட்டு மாதிரி. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது, குழாய்களுக்கு உள்ளே, குழாய்களின் சுவருக்குள். உள்ளே இருக்கிற தண்ணீர் முதலில் போகும். அதனால் மரம் சுருங்காது. மரத்தின் உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகுதான் சுவரில் இருக்கிற தண்ணீர் போகத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருக்காது. பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் பெரும்பாலான மரங்கள் நீளத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் குறையும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 3 முதல் 5 சதவீதம் வரை குறையும். வளையங்களை ஒட்டிய திசையில் கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. 40 மில்லிமீட்டர் பருமனில் 5 சதவீதம் என்றால் 2 மில்லிமீட்டர். கோடாலித் துளையில் 2 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பறக்கிற தலை. பச்சைக் காம்பு போட்ட கோடாலி சில மாசத்தில் ஆடுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஊறவைப்பதற்கு வருவோம். காய்ந்த மரத்தைத் தண்ணீரில் போட்டால் உப்பும். சுற்றிலும் இரும்பு இருந்தால் எங்கே உப்பும்? இரும்பு ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்காது. அதனால் மரத்தின் சொந்தக் குழாய்களே நசுங்கிவிடும். ஈரமாக இருக்கும்வரை அது நமக்குத் தெரியாது, தலை நன்றாக இறுகி இருக்கும். வெயிலில் காய்ந்ததும் மரம் வழக்கம்போலச் சுருங்கும். ஆனால் இப்போது சுருங்குவது நசுங்கிய மரம். முன்பு இருந்த அளவைவிடச் சின்னதாகப் போய் நிற்கும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் நசுங்கும், இன்னும் கொஞ்சம் சின்னதாகும். ஊறவைப்பது ஒரு கடன் மாதிரி. இன்றைக்குக் கைக்குக் கிடைக்கும், நாளைக்கு வட்டியோடு எடுத்துக்கொள்ளும்.

படித்ததை அப்படியே நம்பாமல் நானும் செய்து பார்த்தேன். ஒரே கட்டையில் இரண்டு முளை செதுக்கி, ஒரே அளவுள்ள இரண்டு ஜி.ஐ. பைப் துண்டுகளில் சுத்தியலால் அடித்து ஏற்றினேன். ஒன்றை ராத்திரி தண்ணீரிலும் பகலில் வெயிலிலும் மாற்றி மாற்றிப் பத்து தடவை வைத்தேன். இன்னொன்று அலமாரியிலேயே இருந்தது. பத்தாவது தடவை காய்ந்த பிறகு முதல் பைப்பைச் சாய்த்தேன், முளை தானாக வழுக்கிக் கீழே விழுந்தது. அலமாரியில் இருந்ததை எடுக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. அந்த இரண்டு பைப்பையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

எந்த மரம்?

அமெரிக்காவில் கோடாலிக் காம்பு என்றால் ஹிக்கரி மரம், ஐரோப்பாவில் ஆஷ். ரெண்டுக்கும் பொதுவான குணம், வெறும் கடினம் மட்டும் இல்லை, அடியை வாங்கி வளைந்து நிமிரும் தன்மை. கடினம் மட்டும் போதும் என்றால் கருங்காலியில் காம்பு போடலாம். அது அதிர்ச்சியைக் கைக்கே திருப்பி அனுப்பும், ஒரு நாள் பட்டென்று ஒடியும்.

நம் காடுகளில் அதற்குச் சமமான மரங்கள் உண்டு. வெக்காலி என்கிற மரத்துக்கு ஆங்கில வியாபாரப் பெயரே வண்டி அச்சை வைத்துத்தான் வந்தது, 'ஆக்ஸில்வுட்'. தடசு மரம் வளைந்து கொடுப்பதில் பெயர் போனது. இரண்டும் தர்மபுரி மலைக்காடுகளில் வளர்கிறவை. ஆனால் காப்புக்காட்டில் ஒரு கிளையை வெட்டினாலும் அது குற்றம், நியாயமும் இல்லை. எங்கள் வரப்பில் கருவேலம் நின்றது. சீமைக் கருவேலம் இல்லை, நாட்டுக் கருவேலம். வண்டிச் சக்கரத்துக்கும் ஏர்க் கலப்பைக்கும் காலம் காலமாகப் பயன்பட்ட மரம். தை மாசம் அதில் ஒரு நேரான கிளையை வெட்டினேன்.

சந்தையில் ரெடிமேட் காம்பும் கிடைக்கிறது. நான் புரட்டிப் பார்த்தவற்றில் பல, தைல மரத்தை மிஷினில் அறுத்தவை. தைல மரம் மோசம் என்று சொல்ல வரவில்லை. பிரச்சினை அறுப்பில்தான். ரம்பம் நேர்கோட்டில் போகும், மரத்தின் நார் அப்படிப் போகாது. நார் காம்பின் ஒரு பக்கத்தில் தொடங்கி நடுவழியில் இன்னொரு பக்கத்தில் வெளியேறினால், அந்த இடத்தில் காம்பு ஒடியக் காத்திருக்கிறது. ஆசாரிமார் இதை நாரோட்டம் என்பார்கள். கடையில் வாங்குவதாக இருந்தால், காம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நார்க்கோடுகளைப் பின்தொடருங்கள். தலையிலிருந்து அடி வரை ஓடினால் வாங்குங்கள். பாதியில் பக்கவாட்டில் ஓடி மறைந்தால் வைத்துவிடுங்கள். முடிச்சு இருந்தாலும் வேண்டாம், முக்கியமாகக் கழுத்துப் பகுதியில்.

அறுக்காமல் பிளந்தால் இந்தக் கவலையே இல்லை. ஆப்பு நாரைத் தேடித்தான் போகும். கருவேலக் கிளையை நான் ஆப்பு வைத்து நாலாகப் பிளந்து, நடுச்சோற்றை விலக்கி, இரண்டு துண்டு எடுத்தேன்.

'வைரம் பாய்ஞ்ச கட்டையாப் பாத்து எடு' என்று அறிவுரை வந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க அது நல்லது, ஏனென்றால் வெளிறு பகுதியைத்தான் வண்டு முதலில் தேடும். ஆனால் பலத்துக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஹிக்கரியில் வைரமும் வெளிறும் பலத்தில் சமம் என்று அமெரிக்காவின் மாடிசன் நகரில் இருக்கிற வனப்பொருள் ஆய்வகம் நூறு வருஷத்துக்கு முன்பே சோதித்துச் சொல்லிவிட்டது. நாரோட்டம்தான் முதல் விஷயம்.

காய்வதற்குக் காத்திருந்தது

பொறுமை தேவைப்பட்டது இங்கேதான். இரண்டு துண்டையும் காம்பைவிடச் சற்றுப் பருமனாக வாய்ச்சியால் செதுக்கி, இரண்டு முனையிலும் சாணி பூசி, தாழ்வாரத்தில் நிழலில் அடுக்கினேன். சாணி எதற்கு? மரத்தின் முனையில் குழாய்கள் திறந்து கிடக்கின்றன. அந்த வழியாகத் தண்ணீர் மற்ற பக்கங்களைவிட ரொம்ப வேகமாகப் போகும். முனை மட்டும் முதலில் சுருங்கி, நடு சுருங்காமல் நின்றால் முனை வெடிக்கும். முனையை அடைத்துவிட்டால் எல்லாப் பக்கமும் நிதானமாகக் காயும். பெயின்ட் பூசினாலும் சரிதான்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமைதோறும் தராசில் வைத்து, எடையைச் சுவரில் கரியால் எழுதினேன். முதல் நாள் ஒரு கிலோ 940 கிராம். மாசி, பங்குனியில் மளமளவென்று இறங்கியது. ஆனி கடைசியில் ஒரு கிலோ 430-இல் நின்றது. மூன்று வாரம் எடை மாறவில்லை. எடை மாறவில்லை என்றால் மரம் சுற்றியுள்ள காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு துண்டில் முடிச்சு ஒன்றிலிருந்து வெடிப்பு ஓடிவிட்டது, அது அடுப்புக்குப் போனது. இரண்டாக எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று.

அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக் கோடாலியைத்தான் இரவல் வாங்கினேன். ஆறு மாசம் இரவல் வாங்கினால் என்ன பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

செதுக்கி மாட்டியது

துளையின் மேல்வாய், கீழ்வாய் இரண்டையும் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டேன். காம்பின் நுனி கீழ்வாயில் இறுக்கமாக நுழைய வேண்டும். தட்டத் தட்ட ஏற வேண்டும், தானாக நுழையக் கூடாது. துளையின் உட்சுவரில் கொஞ்சம் கரி பூசிவிட்டு, காம்பை ஏற்றி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் மர அரத்தால் ராவி, மறுபடி ஏற்றிப் பார்த்தேன். இருபது தடவையாவது ஏற்றி இறக்கியிருப்பேன். மீதிக் காம்பை இழைத்து, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினால் வழவழப்பாகிவிடும். பிடிக்கிற இடம் உருண்டையாக வேண்டாம், நீள்வட்டமாக இருக்கட்டும். அப்போதுதான் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்கே தெரியும்.

நுனியில், வாய்க்கு நேர் திசையில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டேன். துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை. ஆப்பு இறங்குவதற்கு அதுதான் வழி.

தலையை ஏற்றுகிற விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். காம்பைச் செங்குத்தாக, தலை கீழே தொங்கும்படி கையில் பிடிக்க வேண்டும். தலை எதையும் தொடக்கூடாது. பிறகு காம்பின் அடி முனையை மேலிருந்து கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் தலை காம்பின் மேலே ஏறி வரும். கீழே விழ வேண்டிய தலை எப்படி மேலே ஏறுகிறது? பள்ளியில் படித்த நிலைமம்தான். அடி விழும்போது லேசான காம்பு சட்டென்று கீழே நகர்கிறது, கனமான இரும்பு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. தலை ஏறவில்லை, காம்புதான் அதற்குள் இறங்குகிறது. பிக்காஸ் ஆடினால் தலைகீழாகப் பிடித்து, காம்பின் தடித்த நுனியைத் தரையில் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே நிலைமம்தான், காம்பு தரையில் நிற்க, இரும்பு தடித்த நுனியை நோக்கி ஓடும்.

காம்பின் நுனி துளைக்கு மேலே கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்வரை ஏற்றினேன். அதை வெட்டிவிடாதீர்கள். ஆப்பு இறங்கியதும் அந்தக் கால் அங்குலம் விரிந்து, தலை மேலே நழுவாதபடி ஒரு தடுப்பாக நிற்கும்.

ஆப்பு காய்ந்த வேப்பங்கட்டையில் செதுக்கியது. காம்பைவிட மெதுவான மரமாக இருந்தால் பிளவின் வடிவத்துக்குத் தகுந்தபடி நெருங்கி உட்காரும். துளையின் முழு நீளத்துக்கும் ஆப்பு இருக்க வேண்டும். அடிக்கும்போது சத்தம் கவனியுங்கள். 'டொக் டொக்' என்பது 'ணங்' என்று மாறினால் போதும், நிறுத்திவிடலாம்.

வாய் தீட்ட, அந்த வேலை முடிந்த கோடாலியோடு பட்டறைக்குப் போனேன். கொல்லர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க தம்பி, ஆனா இரும்பு ஆப்பு எங்க?" என்றார். மரத்துக்கு மர ஆப்பே போதும், இரும்பு துருப்பிடித்து மரத்தை அரிக்கும் என்று பழைய காம்பின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அது ஆணி. தண்ணியில போட்ட ஆணி துருப்பிடிக்காம என்ன பண்ணும்? தண்ணி காட்டாம வெச்சா இரும்பு ஆப்பு ஒண்ணும் பண்ணாது. மர ஆப்பு என்னிக்காவது மேல எழும்பும், அதைப் பிடிச்சு வைக்கத்தான் இது." யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு சின்ன இரும்பு ஆப்பை மர ஆப்புக்குக் குறுக்காக அடித்துக் கொடுத்தார்.

கடைசியாக எண்ணெய். வார்னிஷ் வேண்டாம், கையில் கொப்புளம் வரும். பெயின்ட் கடையில் கிடைக்கிற டபுள் பாயில்டு லின்சீடு ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், மரத்துக்குள் ஊறிக் காற்றோடு சேர்ந்து கெட்டியாகும். வெளியிலிருந்து ஈரம் சட்டென்று ஏறி இறங்குவதை அது மட்டுப்படுத்தும். மேல் நுனியில் தாராளமாக விடுங்கள், திறந்த குழாய்கள் அங்கேதான். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

இரும்பு மிஞ்சும், காம்பு மிஞ்சாது

எங்கள் பக்கத்து மண்ணில் இரும்பு ரொம்பப் பழையது. 2004 வரைக்கும் தர்மபுரி மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற மயிலாடும்பாறையில் தோண்டியபோது கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அதற்கும் முந்தின காலக்கணிப்பு தூத்துக்குடி மாவட்டம் சிவகளையிலிருந்து 2025 ஜனவரியில் வந்தது. மயிலாடும்பாறையில் வழவழப்பாகத் தீட்டிய கல் கோடாலிகளும் கிடைத்திருக்கின்றன.

கல்லும் இரும்பும் கிடைக்கின்றன, காம்பு கிடைப்பதில்லை. நம் வெயிலும் மழையும் கறையானும் மரத்தை விட்டுவைக்காது. முழுசான பழைய கோடாலியைப் பார்க்க வேண்டுமானால் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குத்தான் போக வேண்டும். 1991-இல் அங்கே கண்டெடுத்த, சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தின மனிதனின் செப்புக் கோடாலி யூ மரக் காம்போடு அப்படியே இருந்தது. அதில் துளையே கிடையாது. காம்பின் முனையைப் பிளந்து, செப்பை நுழைத்து, பிசின் பூசித் தோல்வாரால் கட்டியிருந்தார்கள். அன்றைக்கும் தலையாய பிரச்சினை இதேதான், தலையைக் காம்பில் எப்படி நிறுத்துவது?

'குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு' என்று திட்டுவோம். மரத்தை வெட்ட மரமே துணை போகிறது என்று. காம்பு செதுக்கிய பிறகு எனக்கு அதன்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்துவிட்டது. அடியை வாங்குவது அது, தேய்வது அது, முதலில் ஒடிவதும் அதுதான்.

வாளி

ஆடி கடைசியில் வேலை முடிந்தது. அப்பாவுக்குத் தோள்வலி, இப்போது ஓங்க முடியாது. காம்பை விரல் முட்டியால் தட்டிக் கேட்டார். அடி முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "கனம் சரியா இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அடுத்த நாள் சாயந்திரம் பார்க்கிறேன், கோடாலித் தலை வாளித் தண்ணீருக்குள் இருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். எடுத்துத் துடைத்து நிழலில் வைத்தேன். நல்ல வேளையாக அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது, எண்ணெயும் காப்பாற்றியது. ராத்திரி சாப்பிட்ட பிறகு அந்த இரண்டு பைப் துண்டுகளையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். ஊறாத முளையை இழுக்கச் சொன்னேன், வரவில்லை. ஊறிக் காய்ந்த முளையை மறுபடி உள்ளே போட்டுக் கொடுத்தேன், கவிழ்த்ததும் விழுந்தது. அவரே மூன்று நாலு தடவை போட்டு எடுத்துப் பார்த்தார்.

"அப்ப நாப்பது வருஷமா நானே லூஸ் பண்ணிட்டு இருந்தேனா?"

என்ன சொல்வது? ஊறவைத்த ராத்திரிக்கு மறுநாள் காலை தலை இறுகித்தான் இருந்தது, அவர் கண்ணால் பார்த்தது பொய் இல்லை. காய்ந்த பிறகு என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அதைத்தான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை தாழ்வாரத்துச் சுவரில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. தரை ஈரம் படாதபடி, நெஞ்சு உயரத்தில் இரண்டு பெரிய ஆணி அடித்து, கோடாலியை அதில் மாட்டியிருந்தார்.

இப்போது கார்த்திகை. நாலு மாசத்தில் தலை ஒரு இழைகூட நகரவில்லை. நுனி நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், தலை அசைந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். அசைந்தாலும் தண்ணீர் தேவையில்லை. அடி முனையைத் தட்டி ஏற்றி, ஆப்பை இன்னும் கொஞ்சம் இறக்கினால் போதும். அடுத்த சித்திரை வெயில்தான் உண்மையான சோதனை. அதுவரை ஒவ்வொரு தடவையும் ஓங்குவதற்கு முன்னால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பின்னால் துவைக்கிற கல்லில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும்.